ரிட்டர்ன் போட்ட பிறகு தப்பு தெரிந்தால்: பெங்களூரு தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2025-இல் வருமான வரி ரிட்டர்ன் கெடுவை ஜூலை 31-லிருந்து செப்டம்பர் 15-க்கும், கடைசி நேரத்தில் இன்னும் ஒரு நாள் சேர்த்து 16-க்கும் தள்ளினார்கள். கெடு முடிந்த அடுத்த வாரத்திலிருந்து ஃபோன் வர ஆரம்பிக்கும். ஒயிட்ஃபீல்டிலிருந்து, எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து, அல்சூரிலிருந்து: "சார், ரிட்டர்ன் போட்டாச்சு. இப்போதான் கவனிச்சேன், ஒண்ணு விட்டுப்போச்சு." அப்படிக் கேட்கிறவர்களுக்காகத்தான் இந்தப் பக்கம். இதில் சொல்வதெல்லாம் தனிநபர்கள் 2024-25 நிதியாண்டுக்கு, அதாவது 2025-26 மதிப்பீட்டு ஆண்டுக்கு, 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படி போட்ட ரிட்டர்னைப் பற்றியது. ஆடிட் தேவைப்படும் வியாபாரக் கணக்குகளை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

ரிட்டர்னில் தப்பு இருக்கிறது. மாட்டிக்கொள்வேனா?

நீங்களாகவே திருத்தினால் பயப்பட ஒன்றுமில்லை. எதையாவது விட்டுவிட்டாலோ தவறாகக் காட்டிவிட்டாலோ மறுபடி போடலாம் என்று பிரிவு 139(5) சொல்கிறது. குறைவாகக் கட்டிய மீதி வரியை வட்டியோடு சேர்த்துக் கட்டினால் பெரும்பாலும் அதோடு முடிந்தது. துறை முதலில் கண்டுபிடித்தால்தான் சிக்கல். குறைத்துக் காட்டிய வருமானத்துக்கான வரியில் 50 சதவீதம் அபராதம், வேண்டுமென்றே தவறாகக் காட்டியது என்றால் 200 சதவீதம் என்று பிரிவு 270ஏ போகும். அதனால் தப்பு தெரிந்த அன்றே உட்கார்ந்துவிடுங்கள். யாராவது கேட்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

திருத்த எத்தனை வழி இருக்கிறது? எனக்கு எது?

ரிட்டர்ன் இப்போது எந்த நிலையில் இருக்கிறது, தப்பு யாருடையது என்ற இரண்டும்தான் இதை முடிவு செய்யும். இன்னும் வெரிஃபை செய்யவில்லை (ரிட்டர்ன் என்னுடையதுதான் என்று ஓடிபி மூலமோ கையெழுத்திட்ட தாள் மூலமோ உறுதி செய்யவில்லை) என்றால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகப் போடும் வசதி வருமான வரித் துறையின் போர்ட்டலில் உண்டு. வெரிஃபை ஆகிவிட்டது, தப்பு உங்களுடையது, 2025 டிசம்பர் 31 தாண்டவில்லை என்றால் திருத்திய ரிட்டர்ன். நீங்கள் சரியாகப் போட்டும் துறை கணக்கில் தவறு வந்தால் பிரிவு 154-இன் கீழ் பிழை திருத்த மனு. டிசம்பர் 31 தாண்டிவிட்டது, வருமானம் விட்டுப்போயிருக்கிறது, கூடுதல் வரி கட்டத் தயார் என்றால் ஐடிஆர்-யூ, அதாவது கெடு தாண்டியும் போடக்கூடிய புதுப்பித்த ரிட்டர்ன். கீழே ஒவ்வொன்றாக வருகிறது.

வெரிஃபை பண்ணவில்லை. 'டிஸ்கார்ட்' கொடுத்துவிடலாமா?

இதில்தான் பலர் அவசரப்பட்டுவிடுகிறார்கள். கெடு தேதிக்குள் போட்ட ரிட்டர்னை கெடு முடிந்த பிறகு தூக்கிப் போட்டால், அடுத்து போடுவது தாமத ரிட்டர்னாக ஆகிவிடும். 5,000 ரூபாய் வரை தாமதக் கட்டணம் (மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் இருந்தால் 1,000), பங்குச் சந்தை நஷ்டத்தை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோக முடியாது, வாடகைப்படி போன்ற விலக்குகள் உள்ள பழைய வரி முறையும் கிடையாது. அதைவிட, போட்ட 30 நாளுக்குள் முதலில் அதையே ஆதார் ஓடிபியில் வெரிஃபை செய்துவிட்டு, அப்புறம் திருத்திய ரிட்டர்ன் போடுவதுதான் பாதுகாப்பு. 30 நாள் தாண்டி வெரிஃபை செய்தால் வெரிஃபை செய்த தேதிதான் ரிட்டர்ன் போட்ட தேதியாகக் கணக்காகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

திருத்திய ரிட்டர்ன் போடுவது எப்படி?

போர்ட்டலில் வழக்கம்போல அதே மதிப்பீட்டு ஆண்டைத் தேர்ந்தெடுத்து, பிரிவு என்று கேட்கும் இடத்தில் 139(5)-ஐக் குறியுங்கள். முதல் ரிட்டர்னின் 15 இலக்க ஒப்புகை எண்ணும் அது போட்ட தேதியும் கேட்கும். ஒப்புகைத் தாளிலேயே இருக்கும். திருத்திய ரிட்டர்ன் முழு ரிட்டர்ன். விட்டுப்போன 18,000 ரூபாய் எஃப்டி வட்டியை மட்டும் போட்டு அனுப்பக் கூடாது. சம்பளம், கழிவு, டிடிஎஸ் (கம்பெனியோ வங்கியோ முன்பே பிடித்த வரி), வங்கிக் கணக்கு எல்லாம் மறுபடி இருக்க வேண்டும். புதியது வந்தவுடன் பழையது செல்லாது. எளிய படிவமான ஐடிஆர்-1 போட்டவர் திருத்தும்போது விரிவான ஐடிஆர்-2-க்கு மாறலாம்.

கூடுதல் வரி வந்தால் முதலில் அதைக் கட்டி, சலான் விவரத்தை ஏற்றிவிட்டு அனுப்புங்கள். கடைசியில் மறுபடி வெரிஃபை செய்ய வேண்டும். முதல் ரிட்டர்னை வெரிஃபை செய்தது இதற்குச் செல்லாது.

எத்தனை தடவை திருத்தலாம்?

டிசம்பர் 31-க்குள் எத்தனை தடவை வேண்டுமானாலும். வரம்பு இல்லை. ஆனாலும் வாரம் ஒரு திருத்தம் என்று போடாமல், எல்லாவற்றையும் சரிபார்த்து ஒரே தடவையாகப் போட்டுவிடுங்கள்.

ரீஃபண்டே வந்துவிட்டது. இனி திருத்த முடியுமா?

முடியும். 143(1) என்று மெயிலில் வருவது கணினி சரிபார்த்து அனுப்பும் அறிவிப்பு. அது வந்ததாலோ ரீஃபண்ட் வங்கியில் விழுந்ததாலோ கதவு மூடுவதில்லை. அதிகாரி முறையாக விசாரித்து மதிப்பீட்டை முடித்திருந்தால்தான் மூடும். ரீஃபண்ட் அதிகமாக வந்திருந்தால் அந்தக் கூடுதலை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். பணத்தைச் செலவழித்துவிட்டோமே என்று தள்ளிப்போடாதீர்கள். மாதா மாதம் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

வருடத்தின் நடுவில் வேலை மாறினேன். புதுக் கம்பெனி கொடுத்த ஃபார்ம் 16-ஐ (சம்பளமும் பிடித்த வரியும் உள்ள சான்றிதழ்) மட்டும் வைத்துப் போட்டுவிட்டேன்.

இந்த ஊரில் இதைவிட அதிகம் வரும் கேள்வி கிடையாது. ஒரு கணக்கையே பார்த்துவிடலாம்.

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை முதல் கம்பெனியில் சம்பளம் 6 லட்சம். அவர்கள் வருடத்துக்கு 12 லட்சம் வரும் என்று கணக்குப் போட்டு, புதிய வரி முறையில் ஆறு மாதத்துக்கு 35,750 ரூபாய் டிடிஎஸ் பிடித்தார்கள். அக்டோபரில் புதுக் கம்பெனி. அங்கே மார்ச் வரை 7 லட்சம். பழைய சம்பளத்தை நீங்கள் சொல்லவில்லை. அவர்கள் தங்கள் 7 லட்சத்தில் நிலைக்கழிவு (சம்பளக்காரர்களுக்குத் தானாகக் கிடைக்கும் கழிவு) 75,000 போக 6,25,000 என்று பார்த்தார்கள். 7 லட்சத்துக்குள் இருப்பதால் தள்ளுபடி, வரி பூஜ்யம். நீங்களும் அதையே ரிட்டர்னில் போட்டீர்கள். டிடிஎஸ் மட்டும் 26ஏஎஸ் என்ற, உங்கள் பேரில் பிடித்த வரியைக் காட்டும் பதிவிலிருந்து தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. விளைவு, 35,750 ரூபாய் ரீஃபண்ட் என்று திரையில் காட்டியது.

உண்மைக் கணக்கு வேறு. மொத்தம் 13 லட்சம். நிலைக்கழிவு ஒரே தடவைதான், 75,000. மீதி 12,25,000. அதற்கு 2024-25 விகிதப்படி வரி 85,000, செஸ் 3,400, ஆக 88,400. பிடித்த 35,750 போக 52,650 கட்ட வேண்டும். அதன் மேல் வரியை முன்கூட்டியே கட்டாததற்கு 234பி, 234சி பிரிவுகளில் மாதம் 1 சதவீத வட்டி. ரீஃபண்ட் வர வேண்டியவர் அரை லட்சத்துக்கு மேல் கட்ட வேண்டியவராக மாறுகிறார்.

இரண்டு கம்பெனிகளும் தனித்தனியாக நிலைக்கழிவு கொடுத்திருக்கும், தனித்தனியாக அடிமட்ட விகிதத்தில் கணக்குப் போட்டிருக்கும். அதனால்தான் இந்தப் பள்ளம். முதல் கம்பெனி காட்டிய சம்பளம் ஏஐஎஸ்-இல் (துறை உங்களைப் பற்றித் திரட்டி வைத்திருக்கும் ஆண்டுத் தகவல் அறிக்கை) அப்படியே இருக்கிறது, மறைந்துவிடாது. இரண்டு ஃபார்ம் 16-ஐயும் எடுத்துக்கொண்டு டிசம்பருக்குள் திருத்திவிடுங்கள். அடுத்த தடவை வேலை மாறும்போது பழைய சம்பள விவரத்தைப் புது இடத்தில் முதல் மாதமே கொடுத்துவிட்டால் அவர்களே சேர்த்துப் பிடித்துவிடுவார்கள்.

சென்னையில் இருந்தபோது வீட்டு வாடகைப்படிக்கு 50 சதவீதம் போட்டேன். இங்கேயும் அதையே போட்டுவிட்டேன், சரிதானே?

சரியில்லை. அந்த 50 சதவீதம் சென்னை, மும்பை, தில்லி, கொல்கத்தா நான்குக்கும்தான். 2024-25 கணக்கில் பெங்களூருக்கு 40 சதவீதம். வாடகை என்னவோ சென்னையைவிட இங்கே குறைவில்லை, ஆனால் விதி அப்படி இருக்கிறது.

அடிப்படைச் சம்பளம் 60,000, வாடகைப்படி 30,000, நீங்கள் கொடுக்கும் வாடகை 32,000 என்று வைப்போம். மூன்று தொகையில் குறைந்ததுதான் விலக்கு: வாங்கிய படி 30,000; வாடகையில் சம்பளத்தின் பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் 26,000; சம்பளத்தில் 40 சதவீதம் 24,000. ஆக மாதம் 24,000. 50 சதவீதம் என்று போட்டவர் 26,000 எடுத்திருப்பார். வருடத்துக்கு 24,000 ரூபாய் கூடுதலாக விலக்கு காட்டிவிட்டார். வருடத்தின் பாதியில் சென்னையிலிருந்து இங்கே வந்தவர்கள் அந்தந்த மாதத்துக்கு அந்தந்த ஊர் கணக்கைப் போட வேண்டும்.

இன்னும் சில. வீட்டுக்காரரிடம் கொடுத்த அட்வான்ஸ் வாடகை ஆகாது. எத்தனை மாத அட்வான்ஸாக இருந்தாலும் அதைச் சேர்க்கக் கூடாது. வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் வேண்டும். இங்கே பிஜியில் இருந்துகொண்டு கும்பகோணத்தில் அப்பா வீட்டுக்கு வாடகை கொடுத்ததாகக் காட்டுவது செல்லாது, நீங்கள் குடியிருக்கும் வீட்டு வாடகைக்குத்தான் விலக்கு. புதிய வரி முறையில் இந்த விலக்கே கிடையாது என்பதால் அதில் போட்டவர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிவிடலாம்.

பழைய முறை, புதிய முறை: இப்போது மாற்றிக்கொள்ளலாமா?

பழைய முறை வேண்டும் என்பதை கெடுவுக்குள் போடும் ரிட்டர்னோடு சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். தாமத ரிட்டர்னில் பழையது கிடையாது. கெடுவுக்குள் புதிய முறையில் போட்டுவிட்டு, இப்போது திருத்தும்போது பழையதற்குப் போக நினைப்பவர்களிடம் வேண்டாம் என்றுதான் சொல்வேன். போர்ட்டல் ஏற்றுக்கொண்டாலும் பின்னால் கேள்வி வர இடம் இருக்கிறது.

ஊரில் வீட்டு வாடகை வருகிறது, நிலம் குத்தகைக்கு விட்டிருக்கிறோம். காட்டவில்லை.

வாடகையைக் காட்டியே ஆக வேண்டும், யார் வசூலித்தாலும் வீடு உங்கள் பேரில் இருந்தால். திருச்சியில் மாதம் 15,000 வாடகை என்றால் வருடம் 1,80,000. நீங்கள் கட்டிய வீட்டு வரி 6,000 போக 1,74,000. அதில் 30 சதவீதம் பராமரிப்புக்கென்று சட்டமே கழித்துக் கொடுக்கிறது, ரசீது கேட்காது. மீதி 1,21,800-க்குத்தான் வரி. முழு 1,80,000-க்கும் வரி என்று பயந்து காட்டாமல் விட்டவர்கள் உண்டு.

விவசாய வருமானத்துக்கு வரி இல்லை. ஆனால் அது 5,000 ரூபாயைத் தாண்டினால் ஐடிஆர்-1 போடக் கூடாது, ஐடிஆர்-2 போட வேண்டும். மற்ற வருமானத்தின் வரி விகிதத்தைக் கணக்கிட அதையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

கம்பெனி கொடுத்த அமெரிக்கப் பங்குகள் இருக்கின்றன. விற்கவே இல்லை. அதையும் காட்ட வேண்டுமா?

கண்டிப்பாக. இதில்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன், ஏனென்றால் வருமானமே இல்லாமல் சிக்கல் வரும் இடம் இது. பங்கு உங்கள் கைக்கு வந்த நாளின் மதிப்பு சம்பளத்தோடு சேர்ந்து ஃபார்ம் 16-இல் வந்துவிடும், அதற்கு வரியும் பிடித்துவிடுவார்கள். அதோடு கணக்கு முடிந்தது என்று நினைத்து ஐடிஆர்-1 போட்டுவிடுகிறார்கள். வெளிநாட்டில் சொத்து இருப்பவர் ஐடிஆர்-1 போடவே கூடாது. ஐடிஆர்-2-இல் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் ஒவ்வொரு தடவை கைக்கு வந்த பங்கையும் காட்ட வேண்டும். அந்த அட்டவணை மட்டும் காலண்டர் வருடப்படி. இந்த ரிட்டர்னுக்கு 2024 ஜனவரி முதல் டிசம்பர் வரை. அந்த வருடத்திலேயே விற்றுவிட்டிருந்தாலும் காட்ட வேண்டும்.

காட்டாவிட்டால் 2015-ஆம் ஆண்டு கருப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம் வரை போகலாம். 2024 அக்டோபர் 1 முதல், அசையாச் சொத்து தவிர்த்த வெளிநாட்டுச் சொத்துகளின் மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தால் அந்த அபராதம் இல்லை. அபராதம் இல்லை என்பதால் காட்டத் தேவையில்லை என்று ஆகாது. அமெரிக்காவிலிருந்து கணக்கு விவரம் துறைக்கு நேரடியாக வருகிறது. 2024 நவம்பரில் அதை வைத்துத்தான் பலருக்கு எஸ்எம்எஸ்ஸும் மெயிலும் அனுப்பி, திருத்திக்கொள்ளச் சொன்னார்கள்.

டிவிடெண்டையும் பாருங்கள். அங்கே 25 சதவீதம் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். இங்கே முழுத் தொகையையும் வருமானமாகக் காட்டி, அங்கே பிடித்ததற்கு ஃபார்ம் 67 போட்டு வரவு வாங்கிக்கொள்ளலாம். அந்தப் படிவத்துக்குக் கெடு 2026 மார்ச் 31. பங்கை விற்றிருந்தால், சம்பளத்தில் சேர்த்து வரி பிடித்த அந்த மதிப்புதான் வாங்கிய விலை. வாங்கிய விலை பூஜ்யம் என்று போட்டு இரண்டு தடவை வரி கட்டியவர்கள் திருத்தினால் பணம் திரும்ப வரும்.

ஏஐஎஸ்-இல் என்னுடையது அல்லாத தொகை வருகிறது.

ரிட்டர்னைத் தொடாதீர்கள். ஏஐஎஸ்-க்குள்ளேயே அந்த வரியில் கருத்துச் சொல்லும் இடம் இருக்கிறது: தகவல் முழுவதும் சரியில்லை, வேறு பானுடையது, ஒரே தொகை இரண்டு தடவை வந்திருக்கிறது என்று தேர்ந்தெடுத்துப் பதியுங்கள். தகவல் கொடுத்த வங்கியிலும் சொல்லிவையுங்கள்.

வரி கட்டும்போது சலானில் ஆண்டு மாறிப்போனது.

போர்ட்டலில் சலான் திருத்தும் வசதி இருக்கிறது. மதிப்பீட்டு ஆண்டை மாற்ற கட்டிய நாளிலிருந்து 7 நாள், வரி வகையை மாற்ற 30 நாள். அது தாண்டினால் உங்கள் வார்டு அதிகாரிக்கு (உங்கள் பான் எந்த வருமான வரி அலுவலகத்தின் கீழ் வருகிறதோ அங்கே உள்ளவர்) மனு கொடுக்க வேண்டும்.

வங்கிக் கணக்கு எண் தப்பு, ரீஃபண்ட் திரும்பிப் போய்விட்டது.

இதற்குத் திருத்திய ரிட்டர்ன் தேவையில்லை. சரியான கணக்கைப் போர்ட்டலில் சேர்த்துச் சரிபார்த்துவிட்டு ரீஃபண்ட் மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்தால் போதும்.

குறைபாடுள்ள ரிட்டர்ன் என்று 139(9) நோட்டீஸ் வந்திருக்கிறது.

15 நாளுக்குள் பதில். பதில் சொல்லாமல் விட்டால் ரிட்டர்னே போடவில்லை என்று ஆகிவிடும். மெயிலில் ஸ்பேம் பெட்டியையும் பாருங்கள்.

நான் சரியாகத்தான் போட்டேன். 143(1)-இல் டிடிஎஸ்ஸைக் குறைத்து, வரி கேட்டிருக்கிறார்கள்.

முதலில் 26ஏஎஸ்-ஐத் திறந்து பாருங்கள். அதில் அந்த டிடிஎஸ் இல்லை என்றால் தப்பு பிடித்தவர்களிடம். கம்பெனியோ வங்கியோ தங்கள் டிடிஎஸ் கணக்கைத் திருத்த வேண்டும், அதுவரை நீங்கள் என்ன மனு போட்டாலும் பலிக்காது. இருக்கிறது என்றால் போர்ட்டலில் பிழை திருத்தம் பகுதிக்குப் போய், வரி வரவு பொருத்தத்தைச் சரிசெய்யக் கேளுங்கள். உத்தரவு வந்த நிதியாண்டு முடிந்து நான்கு வருடம் வரை இந்த மனுவுக்கு நேரம் உண்டு. பதிவேட்டைப் பார்த்தாலே தெரிகிற பிழைக்குத்தான் இது. புதிதாக ஒரு கழிவு கேட்க இந்த வழி உதவாது.

நம்மவர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் வரும். காலேஜ் படிக்கும்போது ஊரில் வாங்கிய பான் என்றால் உங்கள் வார்டு இன்னும் சேலத்திலோ திருச்சியிலோதான் இருக்கும். மனு மேல்நடவடிக்கைக்கு அதிகாரியிடம் போனால் அங்கேதான் போகும். நீங்கள் கோரமங்களா பிஎம்டிசி கட்டடத்தில் போய் நின்றால், உங்கள் கோப்பு இங்கே இல்லை என்பார்கள். யார் உங்கள் அதிகாரி என்பதைப் போர்ட்டலில் பான் எண்ணைப் போட்டே பார்த்துக்கொள்ளலாம். பானில் முகவரியை மாற்றினால் மட்டும் வார்டு மாறாது. பழைய அதிகாரியிடம் மாற்றக் கேட்டு மனு கொடுக்க வேண்டும். அவசரம் வருவதற்கு முன்பே செய்துவைப்பது நல்லது.

டிசம்பர் 31-ஐயும் விட்டுவிட்டால்?

வரி கட்ட வேண்டியிருக்கிறது என்றால் ஐடிஆர்-யூ இருக்கிறது. 2025 நிதிச் சட்டம் இதற்கான காலத்தை மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 24 மாதத்திலிருந்து 48 மாதமாக்கியது. விலையும் உண்டு. வரி, வட்டி இரண்டும் சேர்ந்த தொகைக்கு மேல் முதல் 12 மாதத்துக்குள் என்றால் 25 சதவீதம், அடுத்த வருடம் 50, அதற்கடுத்து 60, கடைசி வருடம் 70. மேலே பார்த்த 52,650 ரூபாய்க்காரர் டிசம்பரில் திருத்தினால் வட்டியோடு போகும். 2027 மார்ச்சுக்குள் ஐடிஆர்-யூ போட்டால் வட்டி போக இன்னும் 13,000 ரூபாய்க்கு மேல் கூடுதல்.

ரீஃபண்டை அதிகமாக்கவோ, வரியைக் குறைக்கவோ, நஷ்டம் காட்டவோ ஐடிஆர்-யூ உதவாது. உங்களுக்குப் பணம் வர வேண்டிய தப்பு என்றால் பிரிவு 119(2)(பி)-இல் தாமதத்தை மன்னிக்கக் கோரலாம். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து வருடத்துக்குள் இருக்க வேண்டும், தாமதத்துக்கு உண்மையான காரணம் இருக்க வேண்டும். காத்திருப்பு நீளும்.

எனக்கு ரிட்டர்ன் போட்டவர், நான் கொடுக்காத நன்கொடையைக் காட்டி ரீஃபண்ட் வாங்கித் தந்தார். இப்போது பயமாக இருக்கிறது.

இதைக் கேட்க வெட்கப்படாதீர்கள், நிறையப் பேர் இதில் விழுந்திருக்கிறார்கள். ரீஃபண்டில் இத்தனை சதவீதம் எனக்கு என்று பேசுகிறவரிடம் ரிட்டர்னைக் கொடுத்தால் அவர் ரீஃபண்டைப் பெருக்கத்தான் பார்ப்பார். கட்சிக்கு நன்கொடை, இல்லாத வாடகை, இல்லாத மருத்துவச் செலவு என்று ஏற்றிவிடுவார். ஆனால் உங்கள் ஓடிபியில் வெரிஃபை ஆன ரிட்டர்னுக்குப் பொறுப்பு நீங்கள். 2025 ஜூலை 14 அன்று இப்படிப்பட்ட பொய்க் கழிவுகளைத் தேடி துறை நாடு முழுக்க 150 இடங்களில் சோதனை நடத்தியது. அதற்கு முந்தைய நான்கு மாதத்தில் சுமார் 40,000 பேர் தாங்களாகவே ரிட்டர்னைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய் அளவுக்குப் பொய்யான கோரிக்கைகளைத் திரும்பப் பெற்றதாக அப்போது சொன்னார்கள். நீங்களும் அதையே செய்யலாம். 2024-25-க்கானது, டிசம்பர் 31 தாண்டவில்லை என்றால், திருத்திய ரிட்டர்னில் சரியாகும். முந்தைய வருடங்களிலும் அப்படிச் செய்திருந்தால் ஐடிஆர்-யூ. போர்ட்டல் பாஸ்வேர்டையும், அவர் கொடுத்திருந்தால் அவருடைய மெயில், ஃபோன் எண்ணையும் உடனே மாற்றுங்கள். நோட்டீஸ் அவருக்குப் போய் உங்களுக்குத் தெரியாமலே கெடு முடிந்துபோகும்.

மத்தியச் செயலாக்க மையம் பெங்களூரிலேயே இருக்கிறதே, நேரில் போய்க் கேட்கலாமா?

நாடு முழுவதிலிருந்தும் ரிட்டர்ன்கள் இங்கே வருவது உண்மைதான். வெரிஃபை செய்யக் கையெழுத்திட்ட தாளை ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறவர்கள் எழுதும் முகவரியும் பெங்களூரு 560500 என்றுதான் இருக்கும். ஆனால் அது வரி கட்டுபவர் நேரில் போய்ப் பேசும் அலுவலகம் இல்லை. போர்ட்டலில் புகார் பதியலாம், அல்லது 1800 103 0025-க்குப் பேசலாம். பேசும்போது பான் எண்ணும் ஒப்புகை எண்ணும் கையில் இருக்கட்டும், அவர்கள் கொடுக்கும் புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.